எஞ்சினுக்கு வலுவைக் கூட்டினால் கியர்பொக்ஸ் தாங்குமா?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களின் மணம் இன்றும் மூக்கில் நிற்கும். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடையாமற் போனதும், ஏ-40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். புகை கக்கும், இழுவை குறையும், எஞ்சின் பாழாகும். ஆனால் அதனால் கியர்பொக்ஸ் உடைந்தது என்று எவரும் அழுததாக எனக்கு நினைவில்லை. 37 குதிரை வலுவுள்ள மொறிஸ் மைனர் அதையும் முழுதாகத் தராதபோது, பின்னாலிருந்த பற்சில்லுகளுக்கு என்ன கவலை?

லண்டனில் எமது பிள்ளைகள் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறார்கள். ஊரில் வலுக் குறைந்த எஞ்சினை வைத்து ஓட்டினோம். இங்கே நன்றாக ஓடும் ரேர்போ காருக்கு மேலும் வலுவைக் கூட்டுகிறார்கள்.

கிழக்கு லண்டனில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. மகன் சேர்த்த காசோடு தகப்பனும் போட்டு, பழைய வொக்ஸ்வாகன் கோல்ப் ஜீ.ரீ.ஐ. ஒன்று வாங்கினார்கள். இரவில் தகப்பன் வேலைக்குப் போவதும் அதில்தான். மகன் யாருக்கும் சொல்லாமல் அதை 'ரீமப்' செய்வித்துவிட்டான். மூன்று மாதம் சந்தோசம். பிறகு ஒருநாள் நோர்த் சேர்குலரில் அக்சிலறேற்றரை மிதிக்க எஞ்சின் அலறியது, கார் வேகம் எடுக்கவில்லை. கிளச் வழுக்கிவிட்டது. திருத்தும் செலவு ஆயிரம் பவுணைத் தாண்டியது.

ரீமப் என்றால் என்ன? ரேர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சிறு சில்லு. எவ்வளவு அமுக்குவது, எவ்வளவு எரிபொருள் விடுவது என்பதைக் காரிலுள்ள கணினி தீர்மானிக்கிறது. லப்ரொப்பைச் செருகி அந்தக் கணக்கை மாற்றுவதுதான் ரீமப். சில மணி நேர வேலை. ஆனால் காரிலுள்ள ஓர் இரும்புத்துண்டுகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கம்பனியின் கியர்பொக்ஸ்களின் பெயரிலேயே அவற்றின் எல்லை எழுதப்பட்டிருக்கிறது. எம்.கியூ.200, எம்.கியூ.250, எம்.கியூ.350 என்று வரும் இலக்கம், அது எத்தனை நியூற்றன் மீற்றர் முறுக்கு விசைக்கென வடிவமைக்கப்பட்டது என்பதைக் குறிக்கும். 2013இல் வந்த ஏழாம் தலைமுறை ஜீ.ரீ.ஐ. எஞ்சின் தருவது 350. கையால் கியர் மாற்றும் அந்தக் காரில் பூட்டியிருப்பது எம்.கியூ.350. எல்லையில்தான் நிற்கிறது! 351இல் வெடித்துவிடும் என்பதல்ல, செய்பவர்கள் கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்வார்கள். ஆனால் அந்த இடம் கரடுமுரடான ஓட்டத்துக்கும், பாரத்துக்கும், வருடக்கணக்கான தேய்வுக்கும் விடப்பட்டது. ரீமப் அதைத்தான் முதலில் தின்கிறது.

முதல் கியர் எஞ்சினின் முறுக்கு விசையை ஏறக்குறைய மூன்றரை மடங்காக்குகிறது என்றும், கடைசிப் பற்சில்லு மேலும் நான்கு மடங்காக்குகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பதினான்கு மடங்கு. எஞ்சினில் 100 கூட்டினால், சில்லுகளுக்குப் போகும் அச்சுகளில் 1400 கூடுகிறது. சுமை கால்வாசி கூடினால் பற்சில்லின் ஆயுள் கால்வாசி மட்டும் குறையும் என்றும் நினைக்க வேண்டாம். கம்பியை மெதுவாக வளைத்தால் பலதரம் தாங்கும், கொஞ்சம் கூட வளைத்தால் சில தரத்திலேயே முறியும். பற்களும் அப்படித்தான். இதனால்தான் "ஆறு மாதமாக ஓடுகிறது, ஒன்றும் நடக்கவில்லையே" என்ற பேச்சுக்குப் பொருளில்லை.

முதலில் போவது பெரும்பாலும் கிளச். அது ஒருவகையில் வீட்டுப் பியூஸ் மாதிரி. தான் வழுக்கிப் பின்னாலுள்ளதைக் காப்பாற்றுகிறது. இளைஞர்கள் உடனே பலமான கிளச் ஒன்றைப் போடுகிறார்கள். பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டிய கதைதான். இனி வழுக்க எதுவுமில்லை, அடி நேரே பற்சில்லில் விழும். சுபாரு இம்பிரெசா ரேர்போ 1994இல் இந்நாட்டுக்கு 208 குதிரை வலுவோடு வந்தது. வலுவைக் கூட்டி, கிளச்சைச் சட்டென்று விட்டு ஓட்டியவர்களிடம் அதன் ஐந்து கியர்ப் பெட்டி பல்லுடைந்தது ஊரறிந்த கதை. 2001 அளவில் பலம் கூடிய எஸ்.ரீ.ஐ. காருக்குக் கம்பனியே ஆறு கியர் கொண்ட உறுதியான பெட்டியைப் போட்டது.

"அதே எஞ்சின் பந்தயத்தில் 500 குதிரை வலு தந்ததே" என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். உண்மைதான். 1987இல் வந்த சியறா ஆர்.எஸ்.500 கொஸ்வேர்த் வீதியில் 224, பந்தயத்தில் 500க்கும் மேல். (கொஸ்வேர்த் கம்பனி 1958இல் பிறந்ததும் இந்த லண்டனில்தான்.) ஆனால் பந்தயக் காரின் கியர்பொக்ஸ் வேறு. அதைக் கழற்றிப் பார்த்து மாற்ற ஒரு குழுவே கூட நிற்கும். எங்கள் வீட்டு வாசலில் யார் நிற்கிறார்கள்?

இன்னொன்று, காப்புறுதி. ரீமப்பும் மாற்றம்தான், அதைக் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்ல வேண்டும். மறைத்தால் இழப்பீடு குறைக்கப்படலாம், மறுக்கப்படலாம், காப்புறுதியே இரத்தாகலாம். காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண் தண்டமும் 6 புள்ளியும். சோதனை பாஸ் பண்ணி இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் லைசன்ஸ் போய்விடும், மறுபடி எல் போர்ட்தான்.

பழைய ரேர்போ கார் வாங்கப் போகிறவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது, ஆளில்லாத நேரான வீதியில் நாலாம் கியரில் மெதுவாக ஓடிக்கொண்டு அக்சிலறேற்றரை நன்றாக மிதித்துப் பாருங்கள். எஞ்சின் சுற்று ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. ரீமப் செய்த காரா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தெரியாமல் வாங்கிவிட்டீர்களானால், பழைய கணக்கைக் கணினியில் திரும்ப ஏற்றலாம். தேய்ந்த பற்சில்லு அப்படியேதான் இருக்கும்.

நான் சொன்ன வீட்டில் புதுக் கிளச்சும் போட்டு, பழைய கணக்கையும் ஏற்றிவிட்டார்கள். கார் கராஜில் நின்ற இரண்டு கிழமையும் தகப்பன் இரவு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தார். மகன் சனி ஞாயிறில் கடையில் நின்று அந்தக் காசை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.