எம்டன்

துணிவும் தந்திரமும் மிக்க ஒருவனை "அவன் பெரிய எம்டன்" என்று தமிழ்நாட்டார் கூறுவதுண்டு. செருமானிய நகரம் ஒன்றின் பெயர் அது. அப்பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் 1914ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து சென்றதனால் அச்சொல் தமிழில் தங்கிவிட்டது.

1908ஆம் ஆண்டில் கடலில் இறக்கப்பட்ட அக்கப்பல் ஏறத்தாழ 118 மீட்டர் நீளமுடையது. பத்துப் பீரங்கிகளைக் கொண்டது. பெரும் போர்க்கப்பல்களுக்கு உள்ளதுபோல் அதன் பக்கங்களில் கவசம் இல்லை. பொறிகளையும் வெடிமருந்து அறைகளையும் மூடிய உள்தளமே எஃகுத் தகடுகளால் வலுப்படுத்தப்பட்டிருந்தது. ஆதலின், நின்று பொருதுவதினும் விரைந்து தாக்கி மறைவதே அதற்கு ஏற்ற போர்முறை. மணிக்கு 23 கடல்மைலுக்கு மேல் அது விரைந்து செல்லும்.

அவ்விரைவுக்கு நிலக்கரி வேண்டும். முதல் உலகப்போர் மூண்டபின் இந்துமாக்கடலில் அதற்குக் கரி தரும் துறைமுகம் ஒன்றேனும் இல்லை! பிடிபட்ட வாணிகக் கப்பல்களின் கரியையும் மாலுமிகள் நடுக்கடலில் சுமந்து ஏற்றினர். கப்பலுக்குப் புகைபோக்கிகள் மூன்று. தலைவர் கார்ல் வான் முல்லர் பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல் தோன்றச் செய்தார். ஆயினும், வாணிகக் கப்பல்களை மூழ்கடிக்குமுன் அவற்றிலிருந்தோரை ஊறின்றி இறக்கிவிடுவது அவர் வழக்கம். பகைவரும் அதனைப் பாராட்டினர்.

செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு ஏறத்தாழ ஒன்பதரை மணி. போர்க்காலமாயினும் சென்னையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எம்டன் கரையை நெருங்கி, தேடொளியைப் பாய்ச்சி, துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுட்டது. அரைமணி நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. மண்ணெண்ணெய் கொழுந்துவிட்டு எரிந்தது. சிலர் உயிரிழந்தனர். உயர்நீதிமன்றத்தின் மதிலும் சிதைந்தது. அவ்விடத்தில் இன்றும் ஒரு நினைவுக்கல் உண்டு. கரைப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியும் கப்பல் ஊறின்றி இருளில் மறைந்தது.

எரிந்த எண்ணெயினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கடல் முழுவதும் பிரிட்டனின் காவலில் இருப்பதாக நம்பிய மக்கள் அந்நம்பிக்கையை இழந்தனர். ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர்.

அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை எம்டன் மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் நாள், கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்க ஏறத்தாழ ஐம்பது வீரர்களை இறக்கியது. அவர்கள் கரையேறுமுன்பே நிலையத்தார் செய்தி அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை. பக்கக் கவசமும் அதற்கு இருந்தது. குண்டுகளால் சிதைந்த எம்டனை, மூழ்காதிருக்கும் பொருட்டு, முல்லர் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார். அதிலிருந்தோருள் 130 பேருக்கு மேல் மாண்டனர். எஞ்சியோருடன் அவரும் சிறைப்பட்டார்.

கரையில் இறங்கிய வீரரோ, ஆயிஷா என்னும் பழைய பாய்க்கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு தப்பிச் சென்றனர். பின்பு அரேபியப் பாலைவனத்தையும் கடந்து, 1915ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தனர்.