இருமடங்கும் ஐந்தில் ஒன்றும்

ஊருக்குப் போகிறவர் 100 சேக்கல் வெள்ளியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கிறார். திரும்பி வந்து கேட்டால், "நீ எப்போது கொடுத்தாய்?" என்கிறார் வாங்கி வைத்தவர். சாட்சி கிடையாது, எழுத்தும் கிடையாது. கடவுள் பேரில் சத்தியம் செய்கிறார். அதற்குமேல் கேட்க யாரும் இல்லை. வெள்ளி அவரிடமே தங்கிவிடுகிறது.

எபிரேய வேதத்தின் மூன்றாம் நூலான லேவியராகமம், தமிழ் வேதாகமத்தின் கணக்கில் ஆறாம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களில், இப்படிப்பட்டவரைத்தான் எடுத்துக்கொள்கிறது. அடைக்கலமாக வந்த பொருளை மறுத்தவர், பறித்துக்கொண்டவர், வழியில் கண்டெடுத்ததைக் காணவே இல்லை என்று சாதித்தவர், அதற்கு மேல் பொய்ச்சத்தியமும் செய்தவர். அவர் குற்றத்தை யாராலும் நிரூபிக்க முடியாது. அவருக்காக ஒரு சட்டம் எழுதியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய வியப்பு. பிடிபடாதவரைச் சட்டம் என்ன செய்துவிட முடியும்?

பிடிபட்டவருக்கான விதி யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. திருடிய ஆடோ மாடோ உயிரோடு கையில் அகப்பட்டால் இருமடங்கு கொடுக்க வேண்டும். அடித்தோ விற்றோ விட்டிருந்தால் ஆட்டுக்கு நான்கு, மாட்டுக்கு ஐந்து. அடைக்கலப் பொருள் தகராறில் குற்றவாளி என்று தீர்ந்தவருக்கும் இருமடங்குதான். ஆனால் லேவியராகமத்தின் மனிதர், உள்ளம் உறுத்தித் தானாக வந்து ஒப்புக்கொண்டால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். நம் கதையில் பிடிபட்டால் 200 சேக்கல். தானாக வந்தால் 120.

இதைச் சலுகை காட்டி இழுக்கும் தந்திரம் என்று சொல்லத் தோன்றும். அப்படியில்லை. யாராலும் பிடிக்க முடியாத ஒருவர் வாயே திறக்காமல் இருந்தால் 100 சேக்கலும் அவருக்கே. பேராசையின் கணக்கில் 120 என்பது சுத்த நஷ்டம். ஆக, இந்த விதி யாரையும் வரவைக்காது. வர நினைக்கிறவரின் பாதையில் கிடக்கும் முள்ளை மட்டும் எடுத்துப் போடுகிறது. வருவதற்கான காரணம் அவருக்குள்ளிருந்துதான் பிறக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தெரியாமல் செய்த தவறுக்குத்தான் பலி; துணிந்து செய்த பாவத்துக்குக் கிடையாது என்கிறது எண்ணாகமம் 15-ஆம் அதிகாரம். பொய்ச்சத்தியம் தெரியாமல் செய்வதா என்ன? பிறகு எப்படி இவருக்கு ஆட்டுக்கடாவைப் பலியாகக் கொண்டுவர அனுமதி? லேவியராகமத்துக்கு மிக விரிவான உரை எழுதிய அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம், 1976-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை சொன்னார். தானாக முன்வந்து செய்யும் அறிக்கை, துணிந்து செய்த குற்றத்தையே அறியாமல் செய்த குற்றத்தின் தரத்துக்கு இறக்கிவிடுகிறது என்பது அவர் வாதம். நடந்தது நடந்ததுதான், அதன் எடை மட்டும் குறைகிறது. மனந்திரும்புதலுக்குச் சட்டத்திலேயே இப்படியொரு வலிமை கொடுத்த ஏற்பாட்டை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

வரிசையையும் கவனிக்க வேண்டும். முதலில் பொருளுக்கு உரியவர் வீட்டுக்குப் போக வேண்டும். பிறகுதான் ஆட்டுக்கடாவோடு ஆசாரியரிடம். ஏமாந்தவரின் கையில் வெள்ளி சேராதவரை பலிபீடத்தில் அவருக்கு வேலை இல்லை.

தாவீது ராஜாவின் கதையிலும் யாத்திராகமச் சட்டத்தின் எண் ஒன்று தலைகாட்டுகிறது. தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவனைப் போர்முனையில் சாகவிட்டவர் தாவீது. நாத்தான் தீர்க்கதரிசி நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை. ஏழை ஒருவன் மகளைப் போல வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் ஒருவன் பிடித்து விருந்துக்கு அடித்துவிட்டான் என்று ஒரு வழக்கைக் கொண்டுவருகிறார். கொதித்துப்போன தாவீது, அவன் சாகத் தக்கவன், குட்டிக்கு நான்கு மடங்கு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறார். அடித்த ஆட்டுக்கு நான்கு: யாத்திராகமத்தின் அதே கணக்கு. அந்த மனிதன் நீர்தான் என்கிறார் நாத்தான். தாவீது பாவத்தை ஒப்புக்கொள்வது எபிரேயத்தில் இரண்டே சொற்களில். இவருக்கு முன் அரசாண்ட சவுல், சாமுவேல் தீர்க்கதரிசி அவர் தவற்றைக் கேட்டபோது மக்கள்மீது பழியைப் போட்டு வாதாடியவர். தாவீதிடம் சாக்குப்போக்கு எதுவும் இல்லை. ஆனால் நான்கு மடங்கை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? உரியா இறந்துவிட்டான். உயிரைத் திருப்பித் தர வழியில்லை. அதனால்தான் இந்தக் கதையில் மன்னிப்புக்குப் பிறகும் துயரம் ஓயாமல் தொடர்கிறது.

கி.பி. 70-இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை எரித்தபின் ஆட்டுக்கடாவுக்குப் பலிபீடம் இல்லாமல் போயிற்று. கடனோ அப்படியே நின்றது. ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் கடவுளுக்கு எதிரான பாவங்களுக்கே ஈடு செய்யும் என்கிறது. அயலானுக்குச் செய்த தீங்கு, அவனைச் சமாதானப்படுத்தும்வரை தீராது.

அதே மிஷ்னாவின் பாவா கம்மா பகுதியில் இந்த விதியின் கடைசி எல்லையைக் காணலாம். மிகச் சிறிய செப்புக்காசான பெருத்தாவின் மதிப்புக்கு ஒருவரிடம் பறித்து, இல்லையென்று சத்தியமும் செய்திருந்தால், உரியவர் மேதியா நாட்டில் இருந்தாலும் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும். மேதியா இன்றைய ஈரானின் மேற்குப் பகுதி. யூதேயாவிலிருந்து வாரக்கணக்கில் நடக்க வேண்டிய தூரம். உரியவர் இறந்து, வாங்கிக்கொள்ள உறவும் இல்லை என்றால்? எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் அதற்கும் வழி சொல்லியிருக்கிறது. கடன் அவரோடு சாவதில்லை. முதலும் ஐந்தில் ஒரு பங்கும் ஆசாரியரிடம் போய்ச் சேரும்.