நோட்டுச் சட்டமும் உப்பங்கழி ஜனங்களும்

திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காட்டு உப்பங்கழிக் கரையிலுள்ள மீனவர் குப்பங்களில், பிடித்த மீனுக்குக் கரையிலேயே விலை கூறி ரொக்கமாகத் தீர்ப்பது நெடுங்கால வழக்கம். இக்காலத்தில் கைப்பேசி மூலமாகவும் பணம் கைமாறுகின்றதாயினும், கூடை சுமந்து மீன் விற்கும் ஸ்திரீகளுக்கு முந்தானையில் முடிந்த நோட்டே மூலதனம். அந்த நோட்டு நாளைக்குச் செல்லுமா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருடையது? இது வக்கீல்களுக்கு மாத்திரம் உரிய கேள்வியென்று நேயர்கள் கருதலாகாது.

17-ஆம் நூற்றாண்டில் இதே பழவேற்காட்டில் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக் கும்பெனியார், அங்கே அக்கசாலை வைத்துக் காசு அடித்தனர். கும்பெனி ஒழிந்தது, ஆயினும் காசிலுள்ள செம்பு செம்பாகவே நின்றது. கடுதாசி நோட்டின் சங்கதி வேறு. அதற்கு உயிர் அளிப்பது 1934-ஆம் வருஷத்து ரிஸர்வ் பாங்கிச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு. அப்பிரிவே அவ்வுயிரை வாங்கவும் வழி செய்கிறது: பாங்கியின் மத்திய போர்டார் சிபார்சு செய்தால், எந்த மதிப்புள்ள நோட்டின் "எந்த" வரிசையையும் மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்பினால் செல்லாததாக்கலாம்.

2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மொத்த மதிப்பில் இவை 100-க்கு 86 பங்கு. சர்க்கார் பாங்கிக்கு யோசனை எழுதியது நவம்பர் 7-ந் தேதி. போர்டார் கூடிச் சிபார்சு செய்தது மறுநாள். எஜமானன் கேட்டு வாங்கியது சிபார்சாகுமா? ஆகுமென்றே 2023 ஜனவரி 2-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டில் ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். "எந்த" என்னும் சொல் "எல்லா"வையும் அடக்குமென்றும் கூறினர். நீதிபதி நாகரத்னா அம்மையார் மட்டும் மாறுபட்டார். யோசனை சர்க்காரிடமிருந்து பிறந்தால், அது பார்லிமெண்டின் சட்டமாகவோ அவசரச் சட்டமாகவோ வர வேண்டுமென்பது அவர் முடிவு. 1946-லும் 1978-லும் ஏழைகள் கண்ணாலும் கண்டிராத பெரிய நோட்டுகளை ஒழித்தபோதுகூட அவசரச் சட்டமே பிறப்பிக்கப்பட்டது. நாம் அம்மையார் பக்கமே நிற்கிறோம்.

பலன் என்ன? 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி பாங்கிகளுக்கே திரும்பிவிட்டதாக ரிஸர்வ் பாங்கியே ஒப்புக்கொண்டது. கள்ளப் பணம் கடலில் கரையவில்லை. 2017-ஆம் வருஷத்துச் சட்டமோ, 10-க்கு மேற்பட்ட பழைய நோட்டுகளை வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. பெட்டியடியில் மறந்து கிடந்த கிழவியின் சேமிப்புக்கு அபராதம்!

இப்பொழுது டிஜிட்டல் ரூபாய் வந்திருக்கிறது. 2022-ஆம் வருஷத்து நிதிச் சட்டம், நோட்டு என்பதில் டிஜிட்டல் உருவத்தையும் சேர்த்தது; அவ்வாண்டு டிசம்பர் 1-ந் தேதி பொதுஜனங்களிடையே பரீட்சை தொடங்கிற்று. புதிய 22ஏ பிரிவு, டிஜிட்டல் நோட்டுக்குப் பொருந்தாத பிரிவுகளைப் பெயர் சொல்லி விலக்குகிறது. அவ்வரிசையில் 26 இல்லை! பிட்காயின் முதலியன செல்லுபடியாகும் பணமல்ல. ஆயினும் அத்தகைய கிரிப்டோ காசு சொத்தேயென்று சென்னை ஹைக்கோர்ட் 2025 அக்டோபரில் கூறிவிட்டது. சர்க்கார் முத்திரையுள்ள ரூபாய்க்கோ ஓர் அறிவிப்பே போதும்.

26-ஆவது பிரிவைத் திருத்துமாறு இப்பிரதேசத்துப் பார்லிமெண்டு அங்கத்தினரைக் கேட்கிறோம். பார்லிமெண்டின் சம்மதமின்றி நோட்டை ஒழிக்கலாகாது. மாற்றிக்கொள்ள ஒரு வருஷத்துக்குக் குறையாத தவணையும், தபாலாபீஸிலேயே மாற்றும் வசதியும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.