புல்தரையில் கோரைக் களை

கோரை (சைப்பரஸ் ரோட்டண்டஸ்) வீட்டுப் புல்தரையில் அகற்றக் கடினமான களைகளுள் ஒன்று. புல்லைப் போலத் தோன்றினாலும் இது புல் அன்று. பூந்தண்டு முக்கோண வடிவில் இருக்கும். மண்ணுக்கடியில் இதன் கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் சங்கிலிபோல் இணைந்துள்ளன. ஒருமுறை கொத்திவிட்டு அப்படியே விட்டால், சங்கிலி அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைத்துக் களை பெருகும்.

கட்டுப்படுத்தும் முறை

மண்ணை நனைத்து, கிழங்குகளைத் தொடர்ச்சி அறாமல் தோண்டியெடுத்து வெயிலில் உலர்த்த வேண்டும். மீண்டும் தலைகாட்டும் தளிர்களை இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அகற்றிவந்தால், கிழங்கில் சேமித்த உணவு தீர்ந்து வலுவிழக்கும். கோரை நிழலைத் தாங்காது. ஆகவே புல்லை மிகக் குட்டையாக வெட்டாமல் அடர்த்தியாக வளரவிடுவது நல்லது. கிளைபோசேட் களைக்கொல்லி புல்லையும் சேர்த்து அழித்துவிடும். புதிதாகக் கொட்டும் மண்ணைக் கிழங்கு இல்லாதவாறு சலித்துக்கொள்வது நல்ல முன்காப்பு.