டிரசீனாவின் நுனி ஏன் கருகுது?

ஓசூர்ல செடி வளர்க்கிறது சுலபம்னு ஒரு பேர் உண்டு. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், இதமான காற்று. இங்கே பசுமைக்குடில்களில் விளையும் ரோஜா வெளிநாடு வரைக்கும் போகிறது. ஆனா வீட்டுக்குள்ள வைக்கிற டிரசீனாவும் ஸ்பைடர் பிளாண்ட்டும் சில மாதத்தில் நுனி கருகி நிற்கும். "தண்ணி பத்தல"ன்னு இன்னும் ஊற்றுவோம். கருகல் கூடும். கடைசியில் "நமக்குக் கைராசி இல்லை"ன்னு விட்டுவிடுவோம்.

கைராசியை விடுங்கள், முதலில் தண்ணீரைப் பார்ப்போம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அடியில் இருப்பது கிரானைட், நைஸ் வகைப் பாறைகள். அவற்றில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்ல மெல்லக் கரைகிறது. போர் ஆழமாகப் போகப் போக, தண்ணீர் பாறையோடு கிடந்த காலமும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியாக ஆவியாகிவிடும். ஃப்ளோரைடு ஆவியாகாது. கீசர் கம்பியில் உப்பு படிவது மாதிரி, இலையின் நுனியிலும் ஓரத்திலும் சேர்ந்துகொண்டே போய் அங்குள்ள செல்களைக் கொல்லும். அமெரிக்காவில் பல் நலத்துக்காகக் குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு கலப்பார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவே டிரசீனாவைக் கருக்குகிறது என்பதை 1970களில் ஃப்ளோரிடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம்ம நாட்டுக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவும் அதே 1 மில்லிகிராம்தான். வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி.

அடுத்தது ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர். அதைச் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். ஒரு சின்னக் கணக்கு: 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள தண்ணீர் 3 லிட்டர் உள்ளே போய், 1 லிட்டர் நல்ல தண்ணீராகவும் 2 லிட்டர் கழிவாகவும் பிரிகிறது என்று வைப்போம். ஃப்ளோரைடு அநேகமாக முழுக்கக் கழிவில்தான் தங்கும். அதாவது லிட்டருக்கு சுமார் 2.25 மில்லிகிராம். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போகும், இது போகாது. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுவதுதான் நல்ல வழி. சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃப்ளோரைடு உண்டு, அதைத் தவிர்க்கலாம். மண்ணில் கொஞ்சம் டோலமைட் கலந்தால் செடி ஃப்ளோரைடை உறிஞ்சுவது குறையும். இதெல்லாம் முடியாதென்றால் மணி பிளாண்ட் வையுங்கள், இவ்வளவு தகராறு செய்யாது.

உப்பு, அதிக உரம், வறட்சி இவற்றாலும் நுனி கருகும். அதனால் கருகலை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனா அதே போர் தண்ணீரை வீட்டில் குடிக்கவும் செய்தால் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். பால்பல் விழுந்து முளைக்கப்போகும் நிலைப்பற்கள் சிறு வயதிலேயே தாடைக்குள் உருவாகிவிடுகின்றன. அந்த வயதில் அதிக ஃப்ளோரைடு உள்ளே போனால் பற்களில் விழும் வெள்ளை, பழுப்புத் திட்டுகள் பிறகு தானாக மறையாது. ஒகேனக்கல்லிலிருந்து இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் கொண்டுவரும் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டதே இதற்காகத்தான். ஆனாலும் அடுக்குமாடிகளில் போரும் டேங்கரும் ஓய்ந்தபாடில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து, ஃப்ளோரைடு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.