மூவர் பங்கும் ஐவர் பங்கும்

வேலந்தாவளம் பாலக்காட்டு எல்லையிலுள்ள ஊர். அதை அடுத்துக் கோவை மாவட்டம் தொடங்குகிறது. அங்கே மூவர் கூடி வாணிகம் செய்து, கிடைத்த ஊதியத்தைப் பகிர்வதாகக் கொள்வோம். ஒரு ரூபாயெனில், பழைய கணக்கில் ஆளுக்கு ஐந்தணா நான்கு பை, மிச்சமில்லை. பன்னிரண்டு பை ஓரணா, பதினாறணா ஒரு ரூபாய். இவ்வாறு இடத்துக்கு இடம் அடியெண் மாறும் முறையில் வியப்பான இயல்பொன்று உண்டு. பன்னிரண்டு மூன்றால் வகுபடுமாதலால், எத்துணைப் பெரிய தொகையாயினும் பையை மட்டும் நோக்கினாற் போதும். ரூபாய் 7, அணா 11, பை 6 என்பதில் ஆறு மூன்றால் வகுபடும். ஆகவே முழுத்தொகையும் வகுபடும். ஒருவர் பங்கு ரூபாய் 2, அணா 9, பை 2.

ஓரணா என்பது ரூபாயில் வீசம். வங்காளத்தில் வாழும் நம்மவர், முழுமையைக் குறிக்க அங்கே 'பதினாறணா' என்று சொல்லக் கேட்டிருப்பர்.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆயிற்று. மூவர் பகிர்ந்தால் ஒரு காசு எஞ்சும். அது யாருக்கு என்பதே வழக்கு! மூன்றால் வகுபடுமா என்றறிய இலக்கங்கள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். ஆயினும் பழைய முறையே சிறந்ததென்று நாம் சொல்லமாட்டோம். கூட்டாளிகள் ஐவராயின், புதுக் கணக்கில் ஆளுக்கு இருபது காசு. பழைய கணக்கிலோ ஆளுக்கு மூன்றணா இரண்டு பை போக, இரண்டு பை எஞ்சி நிற்கும்.