டம்மி முகங்கள்

ஒரு ஆப்புக்குப் பயனர்கள் வருவதற்கு முன்பே ஆட்கள் தேவைப்படுகிறார்கள். உறுப்பினர் பட்டியல் திரையில் ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்க்க ஐம்பது பேராவது வேண்டும்; ஐம்பது பேருக்கும் படம் வேண்டும். அவசரத்துக்குக் கைக்கு அகப்பட்ட யாருடைய படத்தையாவது ஒட்டிவிடுவது பழைய வழக்கம். 1973ல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் அப்படித்தான் பிளேபாய் இதழிலிருந்து ஒரு பெண்ணின் முகத்தை, 512க்கு 512 புள்ளிகளாக ஸ்கேன் செய்தார்கள். ‘லென்னா’ என்ற அந்தச் சோதனைப் படத்தை ஐஇஇஇ கணினிச் சங்கம் தன் ஆய்விதழ்களில் ஏற்பதை நிறுத்தியது 2024ல்தான்!

முகமே இல்லாத வழி ஐடென்டிகான். 2007ல் டான் பார்க் தொடங்கிவைத்தது. கிட்ஹப்பில் படம் போடாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் கட்டம்கட்டமாகக் கோலம் போல ஒன்று நிற்குமே, அந்த வகைதான். பயனரின் எண்ணையோ மின்னஞ்சலையோ ஹாஷ் என்ற அரவை இயந்திரத்தில் போட்டால் நீளமான ஒரு சரம் வரும். எத்தனை முறை அரைத்தாலும் அதே சரம். அதன் ஒவ்வொரு இலக்கமும் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து ஒரு கட்டத்தை நிரப்பலாம், அல்லது வெறுமையாக விடலாம். 5க்கு 5 பலகையில் மூன்று பத்திகளை, அதாவது 15 கட்டங்களை நிரப்பினால் போதும். மற்ற இரண்டும் கண்ணாடிப் பிம்பம். 32,768 வடிவங்கள் கிடைக்கும். இருபுறமும் ஒத்திருப்பதால் சிலவற்றில் நம் கண் தானாகவே ஒரு முகத்தைத் தேடிக்கொள்ளும்.

2019லிருந்து, உலகில் இல்லாத மனிதர்களை என்விடியாவின் ஸ்டைல்கேன் என்ற ஏஐ வரைந்து தருகிறது. எனக்கு அவர்கள்மேல் ஒரே குறை: எல்லாரும் லட்சணம். சதுரப் படம், நடுவில் முகம், நல்ல வெளிச்சம். நிஜப் பயனர் அனுப்புவது கல்யாண வீட்டில் ஆறு பேரோடு நிற்கும் படம். போன் கேமரா பல நேரம் படத்தைப் படுக்கவைத்தே சேமித்து, ‘இதை நிமிர்த்திக் காட்டு’ என்று உள்ளே ஒரு குறிப்பு வைக்கும். நம் ஆப் அதைப் படிக்காவிட்டால் ஆள் காதைத் தரையில் வைத்துப் படுத்திருப்பார். லட்சணமான டம்மி இதைக் காட்டிக்கொடுக்காது.

படம் இல்லாவிட்டால் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் போடுவார்கள். இங்கே தமிழ் மாட்டிக்கொள்ளும். யூனிகோடில் ‘கோ’ என்பது இரண்டு குறியீடு: க, அதன்பின் துணைக்குறி. முதல் குறியீட்டை மட்டும் வெட்டினால் கோமதி, கௌரி, கீதா மூவரும் வெறும் ‘க’. இனிஷியலோடு எழுதினால் அப்பாவின் எழுத்து வந்து நிற்கும். சோதனைப் பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால் இது யார் கண்ணிலும் படாது.

என் சோதனைப் பட்டியலில் முதல் ஆள் ஸ்ரீவித்யா. படம் கிடையாது. வட்டத்துக்குள் ‘ஸ’ மட்டும் தெரிந்தால் அன்றைக்கு ஆப் வெளியே போகாது.